பெண்கள் பாடும் கொயர் எப்போது தொடங்கியது? புனித எப்ரேம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குன்னூர்_கொயர் (மே மாதம், 3-ஆம் வாரம்):

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு சின்னப் பங்கில் 14 வருஷமா கொயர் நடத்துறேன். பகலில் தேயிலை பேக்டரி ஆபீசில் கணக்கு வேலை. கொயரில் மொத்தம் 11 பேர். அதில் 9 பேர் பெண்கள், அதிலும் 4 பேர் கொழுந்து பறிக்கிறவங்க. ராத்திரி 7 மணிக்குக் கைகால் கழுவிட்டு, குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிட்டுப் பயிற்சிக்கு வந்து நிக்கிறவங்க.

ஜூன் 9 புனித எப்ரேம் நினைவு நாள். நாட்காட்டியில் "எப்ரேம், திருத்தொண்டர், மறைவல்லுநர்" என்று ஒரு வரிதான் இருக்கு. போன ஞாயிறு பூசை முடிஞ்சதும் ஃபாதர் கூப்பிட்டு, "பாட்டு எழுதின புனிதர். அன்னைக்குப் பூசைக்கு முன்னாடி நீங்களே அஞ்சு நிமிஷம் அவரைப் பத்திச் சொல்லுங்க" என்றார். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா நான் இங்க வந்து கேட்கிறதுக்குக் காரணம் வேற.

அதுக்கு முந்தின வாரம் அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவர், வயசில் மூத்தவர், பங்குக்கு நிறையச் செய்தவர், எல்லார் முன்னாடியும் சொன்னார்: "ஆதித் திருச்சபையில பொம்பளைங்க கோயில்ல வாயைத் திறந்ததே இல்லை. இப்பத்தான் எல்லாம் மாறிப்போச்சு." கொயர்ப் பெண்கள் 3 பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தி அடுத்த பயிற்சிக்கு வரலை. கேட்டா, "தலைவலிக்கா" என்றாள். அவளுக்குத் தலைவலி இல்லைன்னு எனக்குத் தெரியும்.

எப்ரேம் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர்னு கோத்தகிரியில் இருக்கிற என் தோழி சொல்றா. அது நிஜமா? நிஜம்னா எதை வச்சுச் சொல்றாங்க? ஆசைக்காகப் பொய்யான ஒரு விஷயத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்னு சொல்ல எனக்கு மனசில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியில் அவர் அப்பா கோயில் பூசாரி, அவர் எகிப்து போய்த் துறவியாக இருந்தார், 30 லட்சம் வரி எழுதினார், தவக்கால மன்றாட்டு ஒண்ணு அவர் எழுதினதுன்னு எல்லாம் இருக்கு. எதை எடுக்கலாம், எதை விடணும்?

---

அன்பியம்_கோவை:

சகோதரி, சுருக்கமாக: பிறப்பு ஏறக்குறைய 306, ஊர் நிசிபிஸ் (இன்று துருக்கி, சிரியா எல்லையில் உள்ள நுசைபின்). இறப்பு 373 ஜூன் 9, எதெஸ்ஸா நகரில் (இன்றைய உர்ஃபா). கடைசிவரை திருத்தொண்டர், குருப்பட்டம் பெறவில்லை. 1920-ல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். "தூய ஆவியின் யாழ்" என்பது அவருக்குப் பழங்காலத்திலிருந்து வழங்கும் பெயர். 5 நிமிடத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

---

பந்தலூர்_வாத்தியார்:

தங்கச்சி, போதாது. அஞ்சு நிமிஷம்தான் என்றாலும், அந்தத் தலைவலிக்காரப் பெண் அங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறாள். அவளுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் பக்கம் மழை தொடங்கிவிட்டது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. விட்டு விட்டுத்தான் எழுதுவேன்.

முதலில் உன் கேள்விக்கு நேர் பதில். பெண்கள் பாடியது நிஜம். இதற்கு எல்லாரும் காட்டுகிற சாட்சி சேருக் யாக்கோபு. அவரும் எப்ரேமைப் போலச் சிரியாக் (அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி) கவிஞர், ஆயர், இறந்தது 521-ல். எப்ரேமைப் போற்றி நீண்ட கவிதை ஒன்று எழுதியிருக்கிறார். மூடிக் கிடந்த ஏவாளின் மகள்களுடைய வாயை உம் போதனை திறந்தது, அவர்கள் குரல் சபையில் முழங்குகிறது என்கிறார் அதில். ஆனால் அந்தப் பெரியவர் விவரமானவர் என்றால் ஒன்று கேட்பார்: "யாக்கோபு அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிந்தியவர்தானே?" நியாயமான கேள்வி. அதனால் நீ யாக்கோபோடு நிற்காதே. எப்ரேமிடமே போ.

உயிர்ப்பைப் பற்றி அவர் எழுதிய பாடல்களில் இரண்டாவதைப் பார். நீசான் மாதம், அதாவது நம் ஏப்ரல், எங்கும் பூ. பாஸ்கா விழாவுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மாலை கட்டுவோம் என்கிறார். யார் யார் என்ன பூ கொண்டு வருவது? ஆயர் தன் மறையுரையைக் கொண்டு வரட்டும், திருத்தொண்டர்கள் வாசகங்களை, வாலிபர்கள் அல்லேலூயாவை, சிறுவர்கள் திருப்பாடல்களை. அந்த வரிசையில் கன்னியரும் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுப்பது எது தெரியுமா? மத்ராஷாவை.

மத்ராஷா என்பது எப்ரேம் பெரிதும் கையாண்ட பாட்டு வகை. போதிக்கிற பாட்டு என்று பொருள். அவர் இறையியலின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நம்பிக்கையைப் பற்றி 87 பாட்டு, பேரின்ப வனத்தைப் பற்றி (ஆதாம் ஏவாள் இருந்த ஏதேன்) 15 என்று தொகுதி தொகுதியாக இன்று ஏறக்குறைய 400 பாட்டு நமக்குக் கிடைக்கிறது. இயேசு தந்தைக்குச் சமமான கடவுள் இல்லை என்ற ஆரியுஸ் கொள்கைக்காரர்களோடு அவர் வாதாடியதும் பாட்டில்தான். அந்தப் பாட்டைப் பாடுகிற வேலையைப் பெண்கள் கையில் கொடுத்திருக்கிறார். ஆக அந்தப் பெண்கள் பாடகிகள் மட்டும் இல்லை தங்கச்சி, சபைக்கு மறைக்கல்வி கொடுத்தவர்கள். இது அவர் வாழ்ந்த காலத்து வார்த்தை, பின்னால் வந்தவர் சேர்த்தது இல்லை.

(கரண்ட் போய்விட்டது. மிச்சம் பிறகு.)

---

பந்தலூர்_வாத்தியார் (மறுநாள்):

இன்று அவர் வாழ்க்கை. இதில் எனக்குச் சொந்த விஷயம் ஒன்று கலந்திருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஆட்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு 6 பேரும் உண்டு. 1974-ல் எனக்கு 9 வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு ரயில், லாரி, கடைசியில் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. என் அப்பாயி கண்டிச் சீமையிலேயே பிறந்தவர், இந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு தகரப் பெட்டியும் வாய் நிறையப் பாட்டும்தான் கொண்டு வந்தார். பெரிய வெள்ளிக்கு அவர் ஒப்பாரி எடுத்தால் லயமே வாசலில் வந்து உட்காரும்.

எப்ரேமைப் பற்றி நான் முதலில் படித்தது 363-ஆம் வருஷத்துக் கதையைத்தான். படித்தபோது அப்பாயியின் தகரப் பெட்டிதான் கண்ணில் வந்தது.

நிசிபிஸ் ரோமப் பேரரசின் எல்லைக் கோட்டை. பாரசீக மன்னன் இரண்டாம் ஷாப்பூர் 338, 346, 350 என்று மூன்று முறை முற்றுகை போட்டான், மூன்றிலும் ஊர் விழவில்லை. மூன்றாம் முறை மிக்டோனியஸ் ஆற்றை மறித்துத் தேக்கி, தண்ணீரை மதில்மேல் திருப்பினான். மதிலில் ஒரு பகுதி சரிந்தது. ஊரார் ராவோடு ராவாகச் சுவரை எடுத்துக் கட்டினார்கள். எப்ரேம் உள்ளேதான் இருந்தார். அதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதில் ஊரே வாய் திறந்து பேசும். நோவாவின் பேழையைச் சுற்றி இருந்தது தண்ணீர் மட்டும், என்னைச் சுற்றி மண்மேடும் ஆயுதமும் தண்ணீரும் என்று ஊர் கடவுளிடம் முறையிடும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மலை சரிந்து வீடுகளை மூடியதே, அந்த வாரம் இந்தப் பாட்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

மூன்று முற்றுகையில் விழாத ஊரை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டார்கள். 363-ல் பேரரசன் யூலியான் பாரசீகப் படையெடுப்பில் செத்தான். அடுத்து வந்த யோவியான் தன் படையோடு பத்திரமாக வெளியே வர நிசிபிஸை ஷாப்பூருக்கு எழுதிக் கொடுத்தான். ஊரைக் காலி பண்ண மூன்று நாள் தவணை. யூலியானின் உடலைக் கொண்டுபோன வழியில் எப்ரேம் அதன் அருகில் நின்று பார்த்திருக்கிறார், அதே வேளையில் கோபுரத்தில் பாரசீகக் கொடி ஏறியதையும் பார்த்திருக்கிறார். இரண்டையும் பாட்டில் வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு 57 வயது இருக்கும். பிறந்து வளர்ந்து, நான்கு ஆயர்களுக்குக் கீழே வேலை செய்த ஊர். அந்த ஆயர்களில் முதல்வர் யாக்கோபு (மேலே சொன்ன கவிஞர் இல்லை, இவர் வேறு) 325-ல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கத்துக்குப் போய் வந்தவர். 359-ல் கட்டிய திருமுழுக்குக் கூடம் இன்றும் நுசைபினில் நிற்கிறது. எப்ரேம் அதைப் புதுக் கட்டடமாகப் பார்த்திருப்பார், விட்டுவிட்டு நடந்திருப்பார்.

எதெஸ்ஸாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வேறு சிக்கல். அந்த ஊர்க்காரரான பர்தைசான் (154 - 222) என்ற பெரிய அறிஞர், தாவீதுக்கு 150 திருப்பாடல் என்றால் எனக்கும் 150 என்று பாடி வைத்திருந்தார். அந்த எண்ணிக்கையைச் சொல்வது எப்ரேமே. சபை ஏற்காத கருத்துகள் அந்தப் பாட்டுகளோடு சேர்ந்து எல்லார் வாயிலும் புழங்கின. எப்ரேம் என்ன செய்தார்? பழைய மெட்டிலேயே புது வார்த்தை போட்டார் என்று 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சொசோமென் சொல்கிறார். மெட்டைக் குறை சொல்லவில்லை, பாட்டை நிறுத்தச் சொல்லவும் இல்லை. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசி வருஷம். எதெஸ்ஸாவில் பஞ்சம். பணக்காரர்கள் தானியத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டால், "யாரை நம்பிக் கொடுப்பது?" என்றார்களாம். "என்னை நம்பிக் கொடுங்கள்" என்று முதியவர் எப்ரேம் முன்வந்தார். வாங்கிய பணத்தில் பொது மண்டபங்களில் 300 கட்டில் போட்டு, நோயாளிகளைக் கிடத்தி, ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். பஞ்சம் தெளிந்து ஒரு மாதத்துக்குள் அவரும் போனார் என்று துறவியரின் கதைகளைத் தொகுத்த பல்லாதியுஸ் எழுதுகிறார். அகதியாக வந்த ஊர், வந்து 10 வருஷம்தான்.

வாட்ஸ்அப் விஷயம். அப்பா பூசாரி என்பது பின்னால் எழுதிய வாழ்க்கைக் கதையில் வருவது. தான் உண்மையின் வழியில் பிறந்தவன் என்று எப்ரேமே பாடியிருக்கிறார், அதனால் அதை விடு. எகிப்துப் பயணம், புனித பெரிய பசிலியாரைச் சந்தித்தது எல்லாம் அதே கதையில் வந்தவைதான். 30 லட்சம் வரி என்பது சொசோமென் சொன்ன கணக்கு. பெருமதிப்பில் சொன்னது, நீ சொல்ல வேண்டாம். தவக்கால மன்றாட்டு கிரேக்கத்தில்தான் கிடைக்கிறது, சிரியாக் மூலம் இல்லை. அழகான மன்றாட்டு, தனியாக ஜெபிக்கலாம், அவர் பேரில் வாசிக்காதே.

---

கூடலூர்_ஜோஸ்:

வாத்தியார் சாருக்கு நன்றி. நான் கூடலூரில் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். எங்கள் சபை சுரியானி (அதே சிரியாக்) வழி. சின்ன வயசிலிருந்தே அவரை "மார் அப்ரேம்" என்றுதான் கூப்பிடுவோம். சாயங்கால ஜெபத்தில் "போவூசோ" என்று ஒன்று வரும், இரந்து கேட்கிற பாட்டு. அதில் மார் அப்ரேமின் மெட்டு என்றால் வரிக்கு 7 அசை, மார் யாக்கோபுக்கு 12, மார் பாலாயிக்கு 5. (நம் யாப்பின் நேர், நிரை அசை இல்லை. ஓர் உயிர் ஒலிக்கு ஓர் அசை.) எல்லாமே அவர்கள் கையால் எழுதியது என்று இல்லை, அளவுக்கு அவர்கள் பெயர். பாட்டியோடு முழங்காலில் நின்று விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். 7 எப்போதும் சரியாக வரும்.

கொயருக்கு உதவும் விஷயம் ஒன்று, அக்கா. மத்ராஷாவில் பத்தியை ஒருவர் பாடுவார், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கூட்டம் ஒரே வரியைத் திருப்பிப் பாடும். நீங்கள் ஞாயிறுதோறும் பாடுகிற பதிலுரைப் பாடலின் அமைப்புதான். புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை.

---

குன்னூர்_கொயர்:

வாத்தியார் ஐயா, ஜோஸ் தம்பி, கோவைச் சகோதரர், மூணு பேருக்கும் நன்றி. ஐயா எழுதினதை ஆபீசில் பிரிண்ட் எடுத்து நாலு தடவை படிச்சேன். உயிர்ப்புப் பாட்டு மாலையை மட்டும் தனியா ஒரு தாளில் எழுதி, பயிற்சிக்கு வராத அந்தப் பெண்ணோட லயத்துக்கே போய்க் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "கன்னியர்" வர்ற இடத்தில் விரலை வச்சு, "இது எப்பக்கா?" என்றாள். 1,600 வருஷத்துக்கு மேல ஆச்சு என்றேன். தாளை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டாள்.

இன்னொரு கேள்வி. பேரின்ப வனத்தைப் பத்தி அவர் எழுதினதில், அது ஒரு மலைன்னு தோழி சொல்றா. அப்படியா? மலைக்காரங்க எங்களுக்கு அதைச் சொன்னா மனசில் நிக்கும்.

---

பந்தலூர்_வாத்தியார்:

அப்படித்தான். அந்தத் தொகுதியின் முதல் பாட்டிலேயே வருகிறது. மனக்கண்ணால் பார்த்தேன், எல்லா மலை உச்சிகளும் அதற்குக் கீழே இருந்தன, நோவா காலத்து வெள்ளம் அதன் அடிவாரத்தைத் தொட்டதோடு நின்றுவிட்டது என்கிறார். தொட்டபெட்டா உச்சியில் நின்று கீழே மேகம் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னொரு பாட்டில் அந்த மலையை எருசலேம் ஆலயம் போலவே பார்க்கிறார். நன்மை தீமை அறியும் மரம் திரைச்சீலை, அதற்குப் பின்னால் திருத்தூயகத்தில் வாழ்வின் மரம். விவிலியத்தை அவர் படிக்கிற விதமே இதுதான், ஒரு மரத்தைப் பார்த்தால் அதற்குள் ஆலயம் தெரியும். ஒரு முத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து 5 பாட்டு எழுதியிருக்கிறார்.

ஆனால் 5 நிமிடத்துக்குள் மலையையும் முத்தையும் நுழைக்காதே தங்கச்சி. மாலையைச் சொல், எதெஸ்ஸா கட்டில்களைச் சொல். அந்தப் பெரியவர் பங்குக்கு நிறையச் செய்தவர் என்றாயே, 300 கட்டில் கதையில் அவருக்கும் ஓர் இடம் இருக்கும். அவரை மடக்குவதற்காக எப்ரேமைக் கூப்பிட்டதாக ஆகிவிடக்கூடாது.

---

குன்னூர்_கொயர் (ஜூன் 9, இரவு):

ஐயா, இன்னைக்குச் சாயங்காலப் பூசை. மழை இல்லை, ஆனா காற்று. 5-க்கு மேல கரண்ட் இல்லை, கீபோர்டு இல்லாமத்தான் பாடினோம். நீங்க சொன்ன மாதிரியே மாலையும் கட்டிலும் மட்டும் சொன்னேன். "கன்னியருக்கு மத்ராஷா" என்று சொன்னப்ப குரல் கொஞ்சம் நடுங்கிடுச்சு.

ஜோஸ் தம்பி சொன்ன 7 அசையில் பல்லவிக்கு நானே ஒரு வரி கட்டினேன்: "வாய் திறந்தாய், பாடுவோம்." பத்திகளுக்கு அன்னைக்குரிய திருப்பாடலையே எடுத்துக்கிட்டேன். பத்தியைப் பாடினது யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. தாளைப் பார்க்கவே இல்லை அவள். மூணாவது தடவைக்குள்ள கோயில் முழுக்கப் பல்லவி வந்துடுச்சு.

பெரியவர் வந்திருந்தார். வெளியே வந்து என்கிட்ட அந்த 300 கட்டிலைப் பத்தித்தான் விசாரிச்சார், எந்த ஊர், இப்ப எந்த நாடுன்னு. பெண்கள் விஷயமா ஒண்ணும் பேசலை. நானும் கேட்கலை.

எங்க பக்கம் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். அதுக்குள்ள நிசிபிஸ் பாட்டைத் தமிழில் அதே 7 அசையில் கட்டிப் பார்க்கணும்னு ஆசை. ஊரே பேசுற மாதிரி. முதல் வரி வந்துடுச்சு: "தண்ணீர் சூழ்ந்த பேழை நான்." ரெண்டாவது வரியில் மண்மேடும் ஆயுதமும் வரணும், எப்படி எண்ணினாலும் 9 வருது. ஜோஸ் தம்பி, விரல் விட்டு எண்ணி ஒரு வரி சொல்லேன்.